ராத்திரி 2 மணிக்கு மனசுக்குள் ஓடுகிற கணக்கு: நினைவு இருதயத்தைக் கெடுக்குமா?

உளுந்துக்கணக்கு (யாங்கோன்) கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்தப் பக்கம் வந்து வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயின்னௌங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் 27 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். உளுந்து, துவரை, பாசிப்பயறு. இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற சரக்கு டன்னில், உள்ளூர்ச் சரக்கு வீசையில். (வெளியூர்க்காரர்களுக்கு: ஒரு வீசை 1.63 கிலோ. தமிழ்நாட்டில் வீசை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இங்கே இன்னும் தினமும் புழங்குகிறது.) என் தாத்தா மோகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் பேரேடு எழுதியவர். அப்பாவும் கணக்கு எழுதித்தான் எங்களை வளர்த்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமறதி கிடையாது. இப்போது அதுதான் தொல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சேமிப்பையும் மனைவியின் இரண்டு வளையலையும் போட்டு, அறுவடை விலைக்கு 12 டன் உளுந்து வாங்கினேன். வைக்க இடம் இல்லை. சித்தப்பா மகனிடம் கிட்டங்கி இருந்தது. சரக்கு என்னுடையது, இடமும் விற்கிற வேலையும் அவனுடையது, லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. விலை ஏறியது, நன்றாகவே ஏறியது. அவன் விற்றுவிட்டு, நான் போட்ட முதலையும் அதற்கு மேல் ஒரு சின்னத் தொகையையும் கவரில் வைத்துக் கொடுத்தான். பாதி எங்கேடா என்றேன். "பாதி என்று நான் எப்போண்ணே சொன்னேன்?" என்று என் மனைவி முன்னாலேயே கேட்டான்.

எழுத்தில் எதுவும் இல்லை. மண்டிப் பையன்களிடம் துண்டுச்சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையையும் நகர்த்தாதே என்று 27 வருஷமாகக் கத்துகிறவன் நான். தம்பிதானே என்று சீட்டு எழுதாமல் விட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சபை. அவன்தான் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பான். ஒவ்வொரு ஞாயிறும் "ஸ்தோத்திரம்ண்ணே" என்று நீட்டுவான், நான் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன். மூன்று வருஷமாக இப்படித்தான்.

இப்போது ராத்திரிக் கதை. எங்கள் பகுதியில் கரண்ட் பெரும்பாலும் 2 மணிவாக்கில்தான் வருகிறது. வந்த உடனே எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போடவேண்டும், இல்லையென்றால் காலையில் குளிக்கத் தண்ணீர் இருக்காது. மாடித் தொட்டி நிரம்ப 40 நிமிஷம். அந்த 40 நிமிஷமும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் உள்ளே பேரேடு திறந்துகொள்ளும். 12 டன் என்றால் சுமார் 7,360 வீசை. பாதி 3,680. அன்றைய விலை, இன்றைய விலை, வட்டி, வட்டிக்கு வட்டி. அவன் என்ன சொன்னான், நான் என்ன சொல்லியிருக்கவேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் நான் சொல்லும் பதில் முந்தின ராத்திரியைவிட நன்றாக இருக்கும்! தொட்டி வழிந்து சத்தம் கேட்ட பிறகுதான் சுயநினைவு வரும்.

போன மழைக்காலத்தில் அவன் லாரி பகோ பக்கம் கவிழ்ந்துவிட்டது என்று மண்டியில் யாரோ சொன்னார்கள். எனக்குள் இனித்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இனித்தது. டிரைவருக்குக் கால் ஒடிந்தது என்று அப்புறம்தான் தெரியும். அந்த டிரைவர் எனக்கு டீ வாங்கித் தந்திருக்கிற பையன். அன்றைக்குத்தான் பயந்தேன். நான் இப்படிப்பட்டவன் இல்லையே, எப்போது இப்படி ஆனேன் என்று.

சபையில் நீதிமொழிகள் 23:7 வைத்து ஒரு பிரசங்கம்: "அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவன் இருக்கிறான்." நல்லதை நினை, நல்லவனாவாய் என்று முடிந்தது. எவைகளைச் சிந்திக்கவேண்டும் என்று பவுல் பட்டியல் போடுகிற பிலிப்பியர் 4:8ஐ மனைவி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள். ராத்திரி எழும்போதெல்லாம் டார்ச் அடித்து வாசிக்கிறேன். அங்கேயும் சிக்கல். பட்டியலில் முதலாவது "உண்மையுள்ளவைகளெவைகளோ". அவன் என்னை ஏமாற்றியது உண்மைதானே? அப்படியானால் அதைச் சிந்தித்துக்கொண்டிருக்கலாமா?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நினைவுதான் இருதயத்தை இப்படி ஆக்கியதா, இல்லை இருதயம் ஏற்கெனவே இப்படித்தான் இருந்து, உளுந்து வெறும் சாக்கா? நினைக்காமல் இருப்பது மனுஷன் கையில் இருக்கிறதா?

---

நைட்_டியூட்டி (யாங்கோன்):

அண்ணே, நான் நர்ஸ். முதலில் என் வேலைப் புத்தியில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக நடுராத்திரி எழுந்து உட்காருகிறவருக்கு எந்த நினைப்பும் பகலில் இருப்பதைவிடக் கறுப்பாகத்தான் தெரியும். எங்களுக்கே நைட் டியூட்டி முடிகிற நேரத்தில் உலகத்தில் யாரையும் பிடிக்காது. வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டாரை அவனிடம் விடுங்கள். பிரஷர் பாருங்கள். அப்போதும் தூக்கம் வரவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

அப்புறம் உங்கள் கேள்வி. மாற்கு 7:21ல் இயேசு சொல்வது நாம் வழக்கமாகச் சொல்வதற்குத் தலைகீழ். இருதயத்துக்குள்ளிருந்துதான் பொல்லாத சிந்தனைகள் புறப்பட்டு வரும் என்கிறார். ஆக எண்ணத்தை மட்டும் மாற்றிவைத்தால் இருதயம் சரியாகிவிடும் என்கிற பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி. துணி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானே தினமும் போடுகிறேன். ஆனால் கிருமி உள்ளே இருக்கிறது.

சங்கீதம் 139 கடைசியில் தாவீது இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார், கவனித்தீர்களா? என் இருதயத்தை அறிந்துகொள்ளும், என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும் என்று. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, நீர் பாரும் என்கிறார். அதற்கு முந்தின வசனங்களில் "முழுப்பகையாய் அவர்களைப் பகைக்கிறேன்" என்று வேறு சொல்லிவிட்டுத்தான் வருகிறார் மனுஷன்! அந்த லாரி விஷயத்தை நீங்கள் இங்கே எழுதியதே எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது.

---

ஜெயமே_ஜெயம்:

பிரதர், எதிர்மறை எண்ணங்களைக் கட்டி ஜெபியுங்கள். தினமும் காலையில் "நான் ஆசீர்வதிக்கப்பட்டவன், என் பணம் இரட்டிப்பாகத் திரும்பும்" என்று 21 தடவை வாயினால் அறிக்கை செய்யுங்கள். நீதி 23:7. நினைத்தபடி ஆகும். ஆமென்.

---

மோல்மேன்_டீச்சர் (மோல்மேன்):

21 தடவை என்பது எந்த வசனத்தில் இருக்கிறது தம்பி? ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா, அதனால் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளவேண்டாம்.

உளுந்துக்கணக்குத் தம்பி, 38 வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் பாதி வசனத்தைப் பாதியில் வெட்டித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கர்த்தர் மன்னிக்கவேண்டும். இந்த 23:7 அதில் ஒன்று. வேதப்புத்தகத்தைத் திறந்து 6ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். "வன்கண்ணனுடைய ஆகாரத்தைப் புசியாதே" என்று ஆரம்பிக்கிறது. வன்கண்ணன் என்றால் கஞ்சன், மனசில்லாமல் விருந்து வைக்கிறவன். அவன் இலை போட்டு "புசியும், பானம்பண்ணும்" என்பான், ஆனால் "அவன் இருதயம் உன்னோடே இராது". நீ எத்தனை கவளம் சாப்பிட்டாய் என்று உள்ளே எண்ணிக்கொண்டிருப்பான். அந்த ஆளைப் பற்றிய வசனம் இது. நல்லதை நினைத்தால் நல்லவனாகலாம், பணக்காரனாகலாம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாய் ஒன்று சொல்லும்போது உள்ளே ஒன்று ஓடுமானால், உள்ளே ஓடுவதுதான் அந்த மனுஷன் என்கிறது.

சரி, இனி உண்மையைப் பற்றி. எங்கள் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1813ல் ரங்கூன் வந்து இறங்கியதும், 1824ல் அன்றைய தலைநகர் ஆவாவில் சிறைப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். அவருடைய பர்மிய வேத மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்ததைப் பிள்ளைகளுக்கு நாடகமாகவே போட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை நாடகமாகப் போடுவதில்லை. 1826 அக்டோபரில் அவர் மனைவி ஆன் அம்மா காலமானார், ஐயா பக்கத்தில்கூட இல்லை. ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போனாள். அடுத்த ஓரிரு வருஷத்தில் அவர் இந்த மோல்மேன் பக்கத்துக் காட்டில் தனியாகக் குடிசை போட்டுக்கொண்டு போனார். தனக்கென்று ஒரு குழி வெட்டச் செய்து, அதன் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உடம்பு அதில் எப்படி எப்படி அழுகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். தேவன் இருக்கிறார் என்று விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று 1829ல் கடிதமும் எழுதினார். இந்த நாட்டு மொழியில் வேதம் கொண்டுவந்த மனுஷர்!

அந்தக் குழியில் பொய் எதுவும் இருந்ததா? இல்லை. ஆன் செத்தது உண்மை, மரியா செத்தது உண்மை, உடம்பு அழுகும் என்பதும் உண்மை. உண்மையை மட்டுமே எடுத்துக்கொண்டு அதன் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் பவுல் உண்மையோடு நிறுத்தவில்லை என்று எனக்குத் தோன்றும். ஒழுக்கமுள்ளவை, நீதியுள்ளவை, கற்புள்ளவை, அன்புள்ளவை என்று போகிறது. கடைச் சாமான் பட்டியல் மாதிரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வைத்துவிட்டு வரமுடியாது.

ஜட்சன் ஐயா எப்படி வெளியே வந்தார் என்பதற்கு ஒரே காரணம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மெல்ல மெல்ல வந்தார். மொழிபெயர்ப்பு மேசைக்குத் திரும்பினார். 1834 ஜனவரி 31ஆம் தேதி, இதே ஊரில், பர்மிய வேதாகமத்தை முடித்தார். அந்த வேதாகமத்தில் இருதயம் வருகிற இடத்தில் பல தடவை "செய்ட் நலோன்" என்று போட்டிருப்பார். செய்ட் என்றால் எண்ணுகிற மனசு, நலோன் என்றால் நெஞ்சு. இரண்டையும் சேர்த்து ஒரே வார்த்தை. நாமும் தினமும் பர்மிய மொழியில் பேசுகிறோமே, கவலைப்பட்டால் செய்ட் பூ, அதாவது மனசு சூடு. நிம்மதியானால் செய்ட் ஏ, மனசு குளிர்ச்சி. யோசிப்பது ஓர் இடம், உணர்வது வேறு இடம் என்று இந்த மண்ணில் யாரும் பிரித்துப் பேசுவதில்லை. எபிரெயரும் அப்படித்தான், இருதயத்தால்தான் யோசிப்பார்கள். அதனால் எது முந்தி எது பிந்தி என்று நீங்களும் நர்ஸ் பிள்ளையும் கேட்டது முட்டையா கோழியா மாதிரிதான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பிலிப்பியர் 4:8ஐ ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறீர்களே, 4:2ஐயும் சேர்த்து ஒட்டுங்கள். அந்தச் சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு அம்மாக்களுக்குள் மனத்தாங்கல். ஒரே சிந்தையாயிருங்கள் என்று பவுல் இருவருக்கும் பேர் சொல்லி எழுதுகிறார். சபையில் சத்தமாக வாசித்திருப்பார்கள், எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! அடுத்த வசனத்தில் மூன்றாம் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு உதவி செய் என்கிறார். அதற்கப்புறம்தான் உங்கள் 8ஆம் வசனம் வருகிறது. ஆக அது தனியாகப் படிக்கட்டில் உட்கார்ந்து செய்கிற மனப்பயிற்சி என்று நினைக்காதீர்கள். சண்டை நடக்கிற சபைக்கு எழுதியது.

லேவியராகமம் 19:17ஐயும் பாருங்கள். "உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக" என்றதும், அதே மூச்சில் அவனைக் கடிந்துகொள் என்கிறது. வாயால் கேட்காதது உள்ளத்தில் போய்த் தங்கும். மூன்று வருஷத்தில் அவனிடம் எத்தனை தடவை நேராகக் கேட்டீர்கள்? படிக்கட்டில் கேட்டதைச் சேர்க்காமல் சொல்லுங்கள்.

---

உளுந்துக்கணக்கு:

டீச்சரம்மா, ஒரு தடவை. கவர் கொடுத்த அன்றைக்கு மட்டும்.

23:6ஐ இப்போதுதான் முதல் தடவையாக வாசித்தேன். வாசித்துவிட்டு மண்டியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு விடவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு அம்மா பிடிவாதம் பிடித்ததால் அவன் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டோம். ஆட்டுக்கறி டான்பௌக். (வெளியூர்க்காரர்களுக்கு: நம்ம பிரியாணிதான், பர்மாவுக்கு வந்து பேர் மாறிவிட்டது.) நான்தான் பரிமாறினேன். "சாப்பிடுடா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றேன். அவன் தட்டில் விழுந்த ஒவ்வொரு கறித்துண்டையும் எண்ணினேன். ஏழு. எல்லார் தட்டிலும் எத்தனை என்று கேட்டால் தெரியாது, அவன் தட்டில் ஏழு. என் காசில் வாங்கின கிட்டங்கியில் உட்கார்ந்துகொண்டு என் கறியையும் தின்கிறான் என்று உள்ளே ஓடியது. கிட்டங்கி அவன் மாமனார் கொடுத்தது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் ஓடியது.

இத்தனை நாளும் அந்த வசனத்தில் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

தன்லின்காரன் (தன்லின்):

கத்தோலிக்கன் நான், நடுவில் மூக்கை நுழைக்கிறேன். இரண்டு வருஷம் குருமடத்தில் இருந்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று வந்தவன். அங்கே உருப்படியாகக் கற்றுக்கொண்டது கொஞ்சம் கிரேக்கமும் பாலைவனத் துறவிகள் கதையும்தான்.

அண்ணன் கணக்கர் என்பதால் இது பிடிக்கும். 1 கொரிந்தியர் 13:5ல் அன்பு "தீங்கு நினையாது" என்று இருக்கிறது. நினையாது என்பதற்கு அங்கே இருக்கிற கிரேக்க வினை "லொகிஸொமாய்". கடைக் கணக்கில் புழங்கிய வார்த்தை: எண்ணு, கணக்கில் ஏற்று, பேரில் எழுது. அன்பு தனக்கு வந்த தீங்கைப் பற்றில் எழுதிவைக்காது என்று சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், உங்கள் ஃபிரிட்ஜ் வசனத்தில் "சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்பதும் அதே வினைதான். பவுல் உங்கள் தொழிலைப் பறிக்கவில்லை. கணக்கு எழுது, ஆனால் வேறு பேரேட்டில் எழுது என்கிறார். நீதிமொழி 23:7ல் வருகிற எபிரெயச் சொல்லுக்கும் மனசுக்குள் கணக்குப் போடுதல் என்று பொருள் சொல்கிறார்கள், ஆக டீச்சரம்மா சொன்ன கவளக் கணக்கு சரிதான்.

நினைக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி, எகிப்துப் பாலைவனத்தில் இருந்தவர், 399ல் இறந்தார். மனுஷனைத் தொல்லைப்படுத்துகிற எண்ணங்களை எட்டாக வகைப்படுத்தியவர். மத்தியானத்தில் துறவிக்கு வருகிற சலிப்பை அவர் சொல்லியிருப்பதைப் படித்தால் சிரிப்பு வரும். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறதே, சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று ஜன்னலை ஜன்னலைப் பார்ப்பாராம். குருமடத்தில் என் நிலைமை அச்சு அசல் அதுதான். அவர் சொன்னது இது: இந்த எண்ணங்கள் வந்து தொல்லைப்படுத்துவது நம் கையில் இல்லை. வந்தவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் முதல் நினைப்பு கரண்டோடு தானாக வருகிறது, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. 3,680ஐ இன்றைய விலையால் பெருக்குகிறீர்களே, அது நீங்கள் நாற்காலி போட்டு உட்கார வைப்பது.

அதே மனுஷர் வன்மத்துக்கு ஒரு மருந்து சொல்கிறார்: அன்பளிப்பு கொடு. தன்மேல் பகையாயிருந்த அண்ணன் ஏசா வருகிறான் என்று தெரிந்ததும் யாக்கோபு மந்தை மந்தையாக அனுப்பினானே, அதைக் காட்டுகிறார். எங்களைப் போன்ற ஏழைகளிடம் மந்தை ஏது, அதனால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம் என்கிறார். நீங்கள் சாப்பாடு போட்டும் வேலைக்காகவில்லை என்று இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் போட்டதால் இருக்கலாம். டான்பௌக் மிச்சம் இருந்தால் தன்லினுக்கு அனுப்புங்கள், எனக்கு எண்ணத் தெரியாது.

ஒன்றில் மட்டும் டீச்சரம்மாவோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. நேரில் போய்க் கேட்பது நல்லதுதான், ஆனால் இப்போதே போனால் மூன்று வருஷமாகத் தீட்டிவைத்த பதிலை அண்ணன் அங்கே இறக்கிவிடுவார். நானாக இருந்தால் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேன்.

---

மோல்மேன்_டீச்சர்:

பொறுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொறுத்துப் பொறுத்துத்தான் மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

---

உளுந்துக்கணக்கு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் இரண்டு வாரம் இன்டர்நெட் சரியாக இல்லை.

நர்ஸ் தங்கச்சி சொன்னபடி பெரியவனிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டாரை விட்டேன். அவன் இரண்டு தடவை தூங்கிவிட்டான், தொட்டி வழிந்து கீழ்வீட்டுக்காரம்மா சண்டைக்கு வந்தார். ஆனாலும் கொஞ்சம் தூங்குகிறேன். பிரஷர் கூடுதலாகத்தான் இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

தன்லின்காரத் தம்பி கிரேக்கம் சொன்னீர்கள். அன்று ராத்திரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது, இதற்குக் கிரேக்கம்வரை போவானேன்? நம்ம மொழியிலேயே எண் என்றால் நம்பர், எண்ணம் என்றால் நினைப்பு. எண்ணுவது என்றால் இரண்டும்தான். 52 வயசுவரை இரண்டையும் தினமும் செய்துகொண்டு ஒரு நாளும் கவனிக்கவில்லை. சங்கீதம் 32ல் "எவனுடைய அக்கிரமத்தைக் கர்த்தர் எண்ணாதிருக்கிறாரோ" என்று வருகிறதே, அதைச் சின்ன வயசிலிருந்து பாராமல் சொல்வேன். கர்த்தர் நினைக்காதிருக்கிறார் என்று பொதுவாக எடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணாதிருக்கிறார், ஒன்று இரண்டு மூன்று என்று. என் கணக்கை அவர் எழுதினால் எத்தனை பேரேடு ஆகும் என்று நினைத்தபோது அன்றைக்கு உளுந்துக் கணக்கு ஓடவில்லை. அன்றைக்கு மட்டும். மறுநாள் திரும்ப ஓடியது.

போன ஞாயிறு வாசலில் பாட்டுப் புத்தகம் நீட்டினான். முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை, கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் பெரிய கட்டு. "கை என்னடா ஆச்சு?" என்று வாய் கேட்டுவிட்டது, நான் யோசித்துக் கேட்கவில்லை. அவன் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "சாக்கு ஊசிண்ணே, குத்திட்டு, ஆழமா" என்றான். ஆள் வைத்துத் தைக்கிறவன் ஏன் தானே தைக்கிறான் என்று யோசித்தேன். மண்டியில் விசாரித்தால் ஆட்களை நிறுத்திவிட்டானாம், ஆறு மாதமாக வியாபாரம் சரியில்லையாம். லாரி கவிழ்ந்த பிறகு அந்த டிரைவர் பையனுக்கு இன்னும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறானாம். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை, அதுதான் நிஜம்.

இதனால் பாதிப் பங்கு பேசவில்லை என்று ஆகிவிடாது. பேசினான். எனக்கு ஞாபகம் இருக்கிறது, எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமறதி கிடையாது என்று சொன்னேனே. ஞாயிறு ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்தது, கணக்கும் வந்தது. 7,360, பாதி 3,680. கூடவே அந்தக் கட்டுப்போட்ட விரலும் வந்துவிட்டது. விரலை வைத்துக்கொண்டு பெருக்கல் போட வரவில்லை.

தன்லின் தம்பி சொன்னபடி மூன்று வாரம் பொறுத்தேன், டீச்சரம்மா சொன்னபடி இப்போது கேட்கப்போகிறேன். நேற்று போன் செய்தேன். சனிக்கிழமை காலை 7 மணி, சந்தைக்கு எதிரே இருக்கிற டீக்கடை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த சபைப் பெரியவர் ஒருவரும் வருகிறார். சித்தப்பாவையும் அப்பாவையும் சின்ன வயசிலிருந்தே தெரிந்த மனுஷர். சரக்கு எடை போட்ட அன்றைக்கு வாங்கின எடைச்சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் பங்கைப் பற்றி எதுவும் இல்லை, 12 டன் என்று மட்டும் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி அதை எடுத்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். வருகிறாயா என்று நான் கேட்டதற்கு அவன், "வரேண்ணே, எதுக்குன்னு தெரியும்" என்றான்.